ஏ9 வெயிலும் இரத்தினபுரி மழையும்: வாடகை வானில் ஏறுமுன் டயரைப் பாருங்கள்

கல்யாணம், கோயில் திருவிழா, தீபாவளி, சாவு வீடு. இவற்றில் ஒன்று வந்துவிட்டால் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வாழும் மலையக வழிக் குடும்பங்கள் ஒரு வானைப் பிடித்துக்கொண்டு தெற்கே புறப்படும். போகும் இடம் பலாங்கொடையாக இருக்கலாம், இறக்குவானையாக இருக்கலாம், யட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கமாகவும் இருக்கலாம். 1977 வன்முறையிலும், 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நடந்த தாக்குதல்களிலும், 1983 ஜூலையிலும் அடிபட்டு வடக்கே வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இவர்கள். வன்னியில் யுத்தம் இவர்களை மறுபடியும் இடம்பெயர்த்தது. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்துபோன குடும்பம் ஒன்றுகூட இன்று குறுக்கே நிற்பது சோதனைச் சாவடி அல்ல. கிட்டத்தட்ட ஒரு நாள் வீதிப் பயணம்தான்.

அந்தப் பயணத்துக்கு வான் பிடிக்கும்போது நாம் என்னென்ன கேட்கிறோம்? ஏசி இருக்கிறதா, எத்தனை பேர் இருக்கலாம், கிலோமீற்றருக்கு எவ்வளவு, சாரதி குடிப்பவரா? கடைசிக் கேள்வி மிக நல்ல கேள்வி. ஆனால் டயர் எப்படி என்று கேட்பவர்கள் குறைவு. ஓடும் வானுக்கும் வீதிக்கும் இடையில் தொடர்பு என்று இருப்பது நான்கு கையகல இறப்பர் மட்டும்தான். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், சாரதி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர்கள் செய்வதெல்லாம் அந்த நான்கு கையகலத்தின் வழியாகத்தான் வீதிக்குப் போய்ச் சேரவேண்டும்.

அது சாரதியின் வேலை, பயணிக்கு என்ன என்று கேட்கலாம். காசு கொடுத்து, குழந்தை குட்டியோடு ஏறுபவருக்குப் பார்க்க உரிமை உண்டு. பார்க்கத் தெரிந்தால் போதும். அதற்குக் கராஜ் வேலை தெரிந்திருக்கத் தேவையில்லை.

வடக்கிலிருந்து சப்ரகமுவவுக்குப் போகும் பாதை டயருக்கு ஒரே நாளில் வெவ்வேறு பரீட்சைகளை வைக்கிறது. முதலாவது சூடு. மதவாச்சி, தம்புள்ளை வரை ஏ9 வீதி பெரும்பாலும் நேரானது, சமதரையானது. வெயிலில் தார் கொதிக்கும். வான் மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடும். ஒவ்வொரு சுற்றிலும் டயர் வீதியைத் தொடும் இடத்தில் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது. இந்த நசுங்கலும் நிமிர்தலும்தான் டயருக்குள்ளே சூட்டை உண்டாக்குகின்றன. காற்றுக் குறைந்தால் நசுங்கல் கூடும், சூடும் கூடும். பாரம் ஏறினாலும் அப்படித்தான். பதினைந்து பேருக்கான வானில் இருபது பேர், கூரையில் கல்யாணச் சாமான், பின்னால் ஒரு மூட்டை பனங்கிழங்கு. வெளியே பார்த்தால் டயருக்கு ஒன்றுமில்லை. உள்ளே கம்பி அடுக்கும் இறப்பரும் ஒன்றையொன்று விட்டுப் பிரியத் தொடங்கியிருக்கும். மேற்பட்டை கழன்று பறக்கும்போதுதான் தெரியவரும்.

இது ஏழை நாட்டு வியாதி என்று நினைக்கத் தேவையில்லை. 2000 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வாகனங்களில், வெப்பமான மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் மேற்பட்டை பிரிந்து வாகனங்கள் உருண்டன. தயாரிப்புக் குறை, குறைந்த காற்றழுத்தம், வெயில், வேகம் எல்லாம் அந்த விசாரணைகளில் பேசப்பட்டன. காற்றுக் குறைந்தால் சாரதிக்கு விளக்கு எரிந்து காட்டும் கருவியைப் புதிய கார்களில் கட்டாயமாக்கிய அமெரிக்கச் சட்டம் அந்தச் சம்பவத்தின் பின்னால் வந்ததுதான். நமது வீதிகளில் வாடகைக்கு ஓடும் பழைய வான்கள் பலவற்றில் அந்த விளக்கு கிடையாது. காற்றளவு மானியை வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

காற்று பார்ப்பதற்கு ஒரு நேரம் இருக்கிறது. காலையில், வாகனம் ஓடத் தொடங்குவதற்கு முன்னர், அல்லது இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரத்துக்குள். டயர் சூடானதும் உள்ளே காற்று விரிந்து அளவு கூடுதலாகக் காட்டும். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தும்போது அளந்துவிட்டு "காத்துக் கூடிப்போச்சு" என்று கொஞ்சம் திறந்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஆபத்தான பழக்கம் அது. டயர் குளிர்ந்ததும் காற்று குறைவாகத்தான் நிற்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பதைச் சாரதியின் கதவைத் திறந்தால் கதவோர நிலையில் ஒட்டியிருக்கும் தகட்டில் காணலாம். ஆட்கள் குறைவான ஓட்டத்துக்கு ஓர் அளவு, நிறைந்த பாரத்துக்கு இன்னொரு அளவு என்று அதில் பிரித்துப் போட்டிருப்பதும் உண்டு. டயரின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் உச்ச அழுத்தம் அந்த டயர் தாங்கும் எல்லை. அடிக்கவேண்டிய அளவு அதுவல்ல. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடப்பது.

பக்கவாட்டில் இருக்கும் எண்களில் இன்னொன்றும் முக்கியம். 195/65 ஆர்15 91 என்று ஒரு டயரில் இருக்கும். இன்னொன்றில் 195 ஆர்15 சி 106/104 என்று இருக்கும். இரண்டிலும் 195, இரண்டிலும் 15. இரண்டும் ஒரே அளவு வளையத்தில் ஏறும். ஆனால் 91 என்ற பாரக் குறியீட்டுக்கு ஒரு டயர் தாங்கக்கூடியது 615 கிலோ. 106 என்றால் 950 கிலோ. முதலாவது கார் டயர், இரண்டாவது பாரம் இழுக்கும் வாகனத்துக்கான டயர். 'சி' என்ற எழுத்தின் பொருள் அதுதான். ஆள் நிறைந்து ஓடும் வானில் விலை குறைவு என்று கார் டயரை மாட்டினால் ஒரு சில்லுக்கு 335 கிலோ தாங்குசக்தி போய்விடுகிறது. ஏறுமுன் குனிந்து இந்த எண்ணைப் படிக்க ஒரு நிமிடம் ஆகாது.

இனி வயது. 2012 செப்டெம்பரில் பிரித்தானியாவில் இசைவிழா ஒன்றுக்குப் போய்த் திரும்பிய இளைஞர்களை ஏற்றிவந்த சொகுசு பஸ் ஒன்று சரே மாவட்டத்தில் ஹைன்ட்ஹெட் அருகே வீதியை விட்டு விலகி மரத்தில் மோதியது. சாரதியும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். முன் டயர் வெடித்ததுதான் காரணம். அந்த டயரில் பள்ளங்கள் நன்றாகவே இருந்தன. சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் அதற்கு வயது 19 வருடங்களுக்கு மேல். பஸ்ஸை விட டயர் மூத்தது. இறந்த 18 வயது மைக்கேல் மொலோயின் தாய் பிரான்சிஸ் மொலோய் அதன் பிறகு வருடக்கணக்காகப் போராடினார். 2021 பெப்ரவரியிலிருந்து பிரித்தானியாவில் பஸ், லொறிகளின் முன் அச்சில் 10 வருடத்துக்கு மேற்பட்ட டயர் போடுவது சட்டவிரோதம். லண்டனில் பஸ் ஓட்டும் எமது ஆட்களுக்குத் தெரிந்த சட்டம் இது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒரு தாய் இருப்பது பலருக்குத் தெரியாது.

டயரின் வயதை யாரும் சொல்லவேண்டியதில்லை, அதிலேயே எழுதியிருக்கிறது. டி.ஓ.டி என்ற எழுத்துகளோடு தொடங்கும் நீண்ட குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஒரு பக்கத்தில் இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். நான்குக்குப் பதிலாக மூன்றே இலக்கங்கள் இருந்தால் அது 2000 ஆம் ஆண்டுக்கு முந்தியது. அந்த வாகனத்தில் ஏறாதீர்கள்.

இறப்பர் ஏன் கிழடாகிறது என்பதை கேகாலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. இலங்கைக்கு இறப்பர் 1876 இல் வந்தது. கம்பஹாவின் ஹெனரத்கொடைப் பூங்காவில் முதலில் நட்டார்கள். பிறகு களனிப் பள்ளத்தாக்கு நெடுகிலும் இறப்பர் தோட்டங்கள் எழுந்தன. கேகாலை மாவட்டம் இன்றும் நாட்டின் முக்கிய இறப்பர் மாவட்டங்களில் ஒன்று. விடியற்காலையில் பால் வெட்டி, சிரட்டை சிரட்டையாகச் சேர்த்து, தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களில் தோட்டத் தமிழர்கள் பெரும் பங்கு. மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் அன்றைய சம்பளம் கேள்விக்குறி. காய்ந்த பால் வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று அவர்கள் அறிவார்கள். டயருக்குள் இறப்பர் கந்தகத்தோடு சேர்த்து வேகவைக்கப்பட்டிருக்கிறது. பஞ்சர் ஒட்டும் கடையை நாம் இன்றும் 'வல்கனைசிங் கடை' என்று சொல்வது அந்த முறையின் பெயரை வைத்துத்தான். காற்றும் வெயிலும் இறப்பரைத் தின்னாமல் தடுக்கும் மருந்துகளும் டயரில் கலந்திருக்கும். டயர் ஓடும்போது அந்த மருந்து உள்ளிருந்து மேற்பரப்புக்கு வருகிறது. நிறுத்தியே வைத்த வாகனத்தில் அது வராது. அதனால்தான் வீட்டு முற்றத்தில் வருடக்கணக்காக நின்ற வாகனத்தின் டயர் பள்ளம் குறையாமலே பக்கவாட்டில் மயிர்க்கோடு போல வெடித்திருக்கும். இடப்பெயர்வுக் காலத்தில் விட்டுப்போன வாகனத்தைத் திரும்பி வந்து எடுத்தவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்.

குருநாகல் கடந்து கேகாலை வந்து, புலத்கொஹுபிட்டிய ஊடாகக் கரவனல்லைக்கு இறங்கும்போது பரீட்சை மாறுகிறது. இனித் தண்ணீர். இரத்தினபுரியில் ஆண்டுக்குப் பெய்யும் மழை 3,500 மில்லிமீற்றருக்கும் அதிகம். ஏ9 ஓரத்து ஊர்களில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அவிசாவளையிலிருந்து எஹலியகொட, குருவிட்ட, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை என்று போகும் ஏ4 வீதியில் பின்னேர மழையைச் சந்திக்காமல் போவது அதிர்ஷ்டம். கரவனல்லையிலிருந்து யட்டியாந்தோட்டை, கித்துல்கல என்று ஏறும் ஏ7 உம் அப்படித்தான்.

டயரில் வெட்டியிருக்கும் பள்ளங்கள் அழகுக்கு அல்ல. வீதியில் நிற்கும் தண்ணீரை வெளியே தள்ளுவதற்கு. காய்ந்த வீதியில் மொட்டை டயரும் பிடிக்கும். அதனால்தான் வவுனியாவில் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வான் குருவிட்ட வளைவில் வழுக்குகிறது. சாரதிக்கே அது அதிர்ச்சி. பிரித்தானியாவில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஈரமான வீதியில் நடத்திய சோதனைகளில், பள்ளம் 1.6 மில்லிமீற்றராகத் தேய்ந்த டயருள்ள கார், புதிய டயருள்ள காரைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தூரம் கூடுதலாக ஓடித்தான் நின்றது. முன்னால் ஒரு முச்சக்கர வண்டியோ பள்ளிப் பிள்ளையோ இருந்தால் அந்தக் கூடுதல் தூரம் என்ன என்பது விளங்கும். 1.6 மில்லிமீற்றர் என்பது ஐரோப்பாவில் கார்களுக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை. இரத்தினபுரி மழைக்கு அது போதாது. 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்ற யோசிக்கலாம் என்பதே எனது கருத்து.

அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் விரலை ஓட்டிப் பாருங்கள். குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தட்டுப்படும். டயர் தேய்ந்து அந்த மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால் 1.6 மில்லிமீற்றர்தான் மிச்சம், டயர் முடிந்தது. இருட்டில் என்றால் ஒரு தீக்குச்சி. குச்சியின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். பள்ளத்துக்குள் படுக்கவைத்தால் அது முழுதாக அமிழவேண்டும். மேலே துருத்திக்கொண்டு நின்றால் சாரதியிடம் பேசவேண்டிய நேரம். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள். நடுவிலும் இரு ஓரங்களிலும் பாருங்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் கூடுதலாக ஓடியிருக்கிறது. இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. ஒரு பக்கம் மட்டும் என்றால் சில்லு நேராக நிற்கவில்லை, புது டயர் போட்டாலும் அதே பக்கம் தேயும்.

இரண்டு டயர்தான் வாங்கக் காசு இருக்கிறது, எங்கே போடுவது? முன்னுக்கு என்றுதான் அநேகர் சொல்வார்கள், ஸ்டியரிங் அங்கேதானே. டயர் நிறுவனங்கள் சொல்வது பின்னுக்கு. முன் சில்லு வழுக்கினால் வாகனம் வளைவில் திரும்ப மறுக்கும். சாரதிக்குக் கையில் அது தெரியும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சில்லு வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும். தெரியும்போது பள்ளத்தில் கிடப்போம். முன் டயர்களும் பாவிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதுதான் இந்தக் கணக்கு. மொட்டையை முன்னுக்கு விடலாம் என்று இதற்குப் பொருளில்லை.

பிரதான வீதியை விட்டுத் தோட்டத்து ரோட்டில் ஏறியதும் கல். இந்த ரோடுகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை பணம் செலவழிக்கத் தடையாக நின்றது. வாக்குப் போட்ட மக்களுக்கு அந்தச் சபை ஒரு மதகு கட்டிக் கொடுக்க முடியவில்லை. தோட்டக் கம்பனிகளும் லயத்துக்குப் போகும் ரோட்டைத் தங்கள் வேலையாகப் பெரும்பாலும் கருதவில்லை. 2018 இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது வருடக் கவனிப்பின்மை ஒரு திருத்தத்தால் தாராகிவிடுவதில்லை. மழையில் மண் போய்க் கல் மட்டும் கூராக நிற்கும் ரோடுகள் இன்றும் ஏராளம்.

கூரான கல் டயரின் பக்கவாட்டை அறுக்கும். டயரில் மிக மெல்லிய இடம் அதுதான். குழியில் வேகமாக விழுந்தால் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் உள்ளே நூல் அறுந்து, பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரிப் புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பு உள்ள டயர் எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அதை ஒட்ட முடியாது, ஒட்டித் தருகிறேன் என்பவரை நம்பவும் கூடாது. மேற்பட்டையில் ஆணி குத்தினால் உள்ளிருந்து ஒட்டலாம். பக்கவாட்டு என்றால் டயரை வீசவேண்டியதுதான்.

தோட்டத்துக்குள் வான் குறைவு, முச்சக்கர வண்டிதான் அதிகம். லயத்திலிருந்து டவுனுக்கு, ஆஸ்பத்திரிக்கு, பாடசாலைக்கு. அதன் எட்டு அங்குலச் சின்னச் சில்லு அதே தூரத்தை ஓட வான் சில்லைவிட அதிக தடவை சுற்றவேண்டும், அதே கல்லில் பெரிய குலுக்கல் வாங்கவேண்டும். மூன்று பேருக்கான வண்டியில் ஏழு பிள்ளைகளை ஏற்றும்போது அதன் டயரைப் பற்றி யார் பேசுவது? ஓட்டும் தம்பியும் அதே தோட்டத்துப் பிள்ளைதான். தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தபோதும், ஒரு டயர் வாங்கப் பல நாள் கூலி தேவை. 2022 நெருக்கடியில் அதுவும் எட்டாத விலைக்குப் போனது. வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்ததால், இடையில் ஓடியதெல்லாம் பழைய வண்டிகள். சாரதியைத் திட்டுவதால் அவர் சட்டைப்பையில் டயர் முளைக்காது. பாடசாலை ஓட்டத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தவணைக்கு ஒரு தடவை சிறு தொகை போட்டால் ஒரு டயராவது மாறும். சீட்டுப் பிடித்துப் பழகிய சனத்துக்கு இது புதிய வித்தை அல்ல.

ரீபில்ட் டயர், அதாவது பழைய டயரில் புதிய மேற்பட்டை ஏற்றியது, மோசமா என்று பலர் கேட்பார்கள். நல்ல பட்டறையில் செய்தால் மோசமில்லை. விமானங்களே அப்படிப்பட்ட டயரில் இறங்குகின்றன. ஆனால் அமெரிக்காவில் பஸ்ஸின் முன் சில்லுக்கு அதைப் போடச் சட்டம் விடுவதில்லை. முன் டயர் போனால் ஸ்டியரிங் போகும் என்பதுதான் காரணம். பின்னால் இரட்டைச் சில்லுள்ள பஸ்ஸில் உள் டயர் காற்றுப் போய்க் கிடந்தாலும் வெளியே தெரியாது. நடத்துநர் இரும்பைத் தட்டிச் சத்தம் கேட்பது அதற்காகத்தான். தட்டும் நடத்துநரைக் கண்டால் நம்பி ஏறலாம்.

ஓடும்போது டயர் வெடித்துவிட்டால், பக்கத்தில் இருப்பவர் சாரதியைக் கத்திக் குழப்பக்கூடாது. சாரதி பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஸ்டியரிங்கை இரு கையாலும் நேராகப் பிடித்து, எக்ஸலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, வேகம் தானாக இறங்கிய பிறகே ஓரம் கட்டவேண்டும்.

வான் பேசும்போது ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்: "தம்பி, காலையில ஏத்த வரும்போது காத்தும் பார்த்து, ஸ்பெயார் சில்லுக்கும் அடிச்சிட்டு வாங்க." நல்ல சாரதி கோபிக்க மாட்டார். ஸ்பெயார் சில்லு வானின் அடியில் தொங்கும். யாரும் பார்க்காததால் அந்த வாகனத்திலேயே வயதான டயர் அதுவாக இருக்கும். அதன் நான்கு இலக்கத்தையும் படியுங்கள். ஜாக்கும், நட்டுக் கழற்றும் சாவியும் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள்.

திரும்பும் நாளையும் மறந்துவிடக்கூடாது. இரண்டு மூன்று நாள் தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கிய டயர் அது. காலையில் வெளிச்சத்தில், பயணப்பை ஏற்றுமுன், நான்கு சில்லின் வெளிப்பக்கத்தையும் கையால் தடவிப் பாருங்கள். சாரதியை வானைக் கொஞ்சம் முன்னே நகர்த்தச் சொல்லி, அடியில் மறைந்திருந்த பகுதியையும் பாருங்கள். உட்பக்கத்துக்கு ஒரு கைத்தொலைபேசி வெளிச்சம் போதும். கீறல், புடைப்பு, பள்ளத்தில் சிக்கிய கல், ஆணி. இருந்தால் அவிசாவளையிலோ இரத்தினபுரியிலோ டயர் கடை இருக்கிறது. பார்க்காமல் வந்தால் அந்த அறுபட்ட டயர் ஏ9 வெயிலில், மதவாச்சி தாண்டி, நூறு பேருக்கு ஒரு கடை இல்லாத இடத்தில்தான் வெடிக்கும்.